பேர் சொல்லாத மருந்து

தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் கார்வேட்டிநகரத்தில் கை வைத்தியம் இன்னும் அடுப்பங்கரையில் உயிரோடிருக்கிறது. செடியின் பெயர் மட்டும் தெரிந்தால் போதாது என்பதை 2020-ல் இதே மாவட்டம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துத் தெரிந்துகொண்டது.

விளக்கு வைத்த பிறகு வசம்பை வசம்பு என்று கேட்கக்கூடாது என்பது பழைய நம்பிக்கை. பிள்ளை வளர்ப்பான், பேர் சொல்லாதது என்று சுற்றி வளைத்துத்தான் கேட்க வேண்டும். நாட்டு மருந்துக் கடைக்காரருக்குப் புரிந்துவிடும். காய்ந்த வேர்த்துண்டைப் பொட்டலம் கட்டித் தந்துவிடுவார். கார்வேட்டிநகரத்துக்காரர்களுக்குக் கூடுதலாக ஒரு வசதி உண்டு. தமிழில் சொல்ல நாக்கு கூசினால் தெலுங்கில் 'வச' என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்.

ஒரு காலத்தில் ஜமீன் தலைநகராக இருந்த ஊர் இது. வேணுகோபால சுவாமி கோயிலும் பெரிய புஷ்கரணியும் அந்த நாளின் மிச்சம். 1911 வரை வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்த பகுதி, பிறகு சித்தூர் மாவட்டமானது. 1960 ஏப்ரல் 1-ந் தேதி எல்லைக்கோடு திருத்தப்பட்டபோது திருத்தணி தமிழகத்துக்குப் போயிற்று. கார்வேட்டிநகரம் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. கோடு நிலத்தில்தான் விழுந்தது. சம்பந்தங்களும் சமையலும் இருமலுக்கு வைக்கும் கஷாயமும் இன்னும் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

பெயர்கள்தான் வேறு. ஓமம் இங்கே வாமு. சுக்கு, சொண்டி. மிளகு, மிரியாலு. நொச்சி, வாவிலி. பிரண்டை, நல்லேறு. சில செடிகள் இரண்டு மொழியிலும் ஒரே அர்த்தத்தில் பேசுகின்றன: நிலவேம்பு தெலுங்கிலும் நேலவேமுதான். வேறு சில பிடி கொடுப்பதில்லை. ஆடாதொடை என்று கேட்டுவிட்டு 'அட்டசரம்' என்ற பதிலைப் பெறும் புது மருமகளுக்கு, இரண்டும் ஒன்று என்று எந்த அகராதியும் உதவிக்கு வராது. இலையைப் பறித்துக் காட்டினால்தான் ஆயிற்று. பார்க்கப்போனால் இந்த வைத்தியத்தின் முழுப் பாதுகாப்பும் அந்த ஒரு காரியத்தில்தான் இருந்தது. செடி கைக்குக் கை மாறியது, பெயர் பின்னால் வந்தது.

அடுப்பங்கரை வைத்தியத்தின் சாமான்கள் அதிகமில்லை. அஞ்சறைப் பெட்டியும் கொல்லைப்புறமும் போதும். சளி பிடித்தால் தோல் சீவிய சுக்கு, அதைப் போல இரண்டு பங்கு தனியா, நாலைந்து மிளகு. இடித்துக் கொதிக்கவிட்டுக் கருப்பட்டி சேர்த்தால் சுக்குக் காப்பி. சுக்குக்குத் தோலையும் கடுக்காய்க்குக் கொட்டையையும் நீக்க வேண்டும் என்பது பால பாடம். வயிறு உப்புசமா, ஓமத்தை வறுத்துத் தண்ணீர் விட்டுக் காய்ச்சு. தலைப்பாரமா, நொச்சித் தழையும் மஞ்சளும் போட்டு ஆவி பிடி. நாட்பட்ட இருமலுக்குத் தூதுவளை ரசம். பசியில்லாத பிள்ளைக்குப் பிரண்டைத் துவையல்: நார் உரித்து, நல்லெண்ணெயில் நன்றாக வதக்கி, புளி வைத்து அரைக்க வேண்டும். வதக்கலில் அவசரப்பட்டால் நாக்கும் தொண்டையும் அரிக்கும். பிரண்டையில் உள்ள ஊசி போன்ற ஆக்ஸலேட் படிகங்களின் வேலை அது. படிகம் கிழவிக்குத் தெரியாது, அரிப்பு தெரியும்.

அளவும் அப்படித்தான். நாலு டம்ளர் தண்ணீர் ஒரு டம்ளராகச் சுண்ட வேண்டும், சிலவற்றுக்கு எட்டில் ஒரு பங்கு. பெரியவருக்கு அரை டம்ளர், பிள்ளைக்குப் பாலாடை. மூன்று நாளில் கேட்காவிட்டால் வைத்தியரிடம் போ. எழுதிவைக்காத இந்தக் கடைசி விதிதான் எல்லாவற்றிலும் முக்கியமானது, முதலில் மறக்கப்படுவதும் அதுதான்.

நவீன மருத்துவம் இந்தச் சரக்குகளை ஒட்டுமொத்தமாக ஒதுக்கிவிடவில்லை. ஆடாதொடையில் உள்ள வாசிசின் என்ற பொருளை முன்மாதிரியாக வைத்து உருவானதுதான் இன்று இருமல் மருந்துகளில் சேர்க்கப்படும் புரோம்ஹெக்சின். ஆனால் அதே வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும் குணமுள்ளது. கர்ப்பிணிகளுக்கு ஆடாதொடைக் கஷாயம் கூடாது என்பது பாட்டிமார் பலருக்குத் தெரியும். கடையில் பொடியாக வாங்குகிறவருக்கு யார் சொல்வது?

கீழாநெல்லியின் கதை இன்னும் சுவாரஸ்யமானது. மஞ்சள் காமாலைக்கு அதை மோரில் அரைத்துக் கொடுக்காத தென்னிந்தியக் கிராமம் அபூர்வம். 1988-ல் சென்னையைச் சேர்ந்த எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஹெபடைடிஸ் பி வைரஸைச் சுமந்துகொண்டிருந்த 37 பேருக்குக் கீழாநெல்லி கொடுத்ததில் 22 பேரின் ரத்தத்திலிருந்து வைரஸின் அடையாளம் மறைந்துவிட்டது. வெற்று மாத்திரை பெற்ற 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி ஆயிற்று. உலகம் நிமிர்ந்து பார்த்தது. பிறகு வேறு இடங்களில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிட்டவில்லை. சாதாரணமாகக் காணும் ஹெபடைடிஸ் ஏ காமாலை, பத்தியமும் ஓய்வும் இருந்தால் பெரும்பாலோருக்குத் தானாகவே இறங்கிவிடும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நல்ல பெயர் மட்டும் கீழாநெல்லிக்கு. போதாக்குறைக்கு, கீழாநெல்லி என்று சந்தைக்கு வரும் கட்டுகளில் அதன் ஒன்றுவிட்ட உறவுச் செடிகளும் கலந்திருப்பதைத் தாவர ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

பேர் சொல்லாத வசம்பும் விசாரணைக்குத் தப்பவில்லை. விளக்கில் சுட்டு, கல்லில் உரசி, குழந்தையின் தொப்புளைச் சுற்றித் தடவுவதோடு நின்றால் பெரிய வில்லங்கமில்லை. நாக்கில் தடவுவது வேறு விஷயம். வசம்பு எண்ணெயில் உள்ள பீட்டா அசரோன் எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்குவது தெரிந்து, 1968-லேயே அமெரிக்கா அதை உணவுப் பொருள்களில் சேர்ப்பதற்குத் தடை போட்டது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனும் ஆகாது. தேனில் இருக்கக்கூடிய கிருமி அந்தப் பிஞ்சுக் குடலில் விஷத்தை உண்டாக்கிவிடும். கற்பூரவல்லிச் சாற்றைத் தேனில் குழைத்துக் கைக்குழந்தைக்குப் புகட்டும் வீடுகளில் டாக்டர்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதெல்லாம் பழகிய கைகளின் சிறு பிழைகள். பழகாத கை செய்த காரியம் 2020 ஏப்ரலில் நடந்தது.

கொரோனா ஊரடங்கின் ஆரம்ப நாட்கள். சித்தூர் மாவட்டத்தின் மேற்குக் கோடியில், பைரெட்டிப்பள்ளி மண்டலத்துக் கிராமம் ஒன்றில் இரண்டு குடும்பங்களைச் சேர்ந்த சுமார் பத்துப் பேர் ஊமத்தையை அரைத்துக் கரைத்துக் குடித்தார்கள். கைபேசியில் வந்த டிக்டாக் காட்சி ஒன்று, உருவத்தில் கொரோனா வைரஸைப் போலவே இருக்கும் ஊமத்தை அந்த நோயைத் தடுக்கும் என்று சொல்லியிருந்தது. குடித்த சற்று நேரத்தில் மயங்கி விழுந்தவர்களை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டார்கள்.

ஊமத்தை இந்தப் பக்கத்தில் யாருக்கும் அந்நியமல்ல. தெலுங்கில் உம்மெத்த. குப்பைமேட்டிலும் சாலையோரத்திலும் தானாக முளைக்கும். சிவனுக்குச் சாத்தும் பூ. தின்றால் பித்துப் பிடிக்கும் என்று சொல்லித்தான் பிள்ளைகளை அதன் பக்கம் விடாமல் வளர்ப்பார்கள். அதில் இருக்கும் அட்ரோபின், ஸ்கோபாலமின் என்ற இரண்டு பொருள்களும் வாயை உலர்த்தி, கண்மணியை விரித்து, நெஞ்சுத் துடிப்பை ஏற்றி, புத்தியைப் பேதலிக்க வைப்பவை. அளவு மிஞ்சினால் உயிர் போகும். இத்தனை தலைமுறை எச்சரிக்கையைச் சில விநாடிக் காட்சி ஒன்று அழித்துவிட்டது. சொன்னவர் யாரென்று தெரியாது, கேட்டவரின் நாடியை அவர் பிடித்துப் பார்த்ததில்லை. டிக்டாக் அந்த ஆண்டு ஜூனில் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. வைத்தியக் காட்சிகள் வேறு செயலிகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டன.

அடுத்த வருடம், 2021 மே மாதம், பக்கத்து நெல்லூர் மாவட்டத்தின் கிருஷ்ணபட்டினத்தில் ஆனந்தய்யா என்பவரின் மூலிகை மருந்துக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம் நெரிந்தது. அரசாங்கம் விநியோகத்தை நிறுத்தி, ஆயுர்வேத ஆராய்ச்சியாளர்களை விட்டு ஆராயச் சொன்னது. கண்ணில் விடும் சொட்டு மருந்தைத் தவிர மற்றவற்றுக்கு மே 31-ல் அனுமதி கிடைத்தது. கெடுதல் இல்லை என்பதுதான் அனுமதியின் சாரம், குணமாகும் என்பதல்ல. கூட்டத்துக்கு அந்த வித்தியாசம் கேட்டதாகத் தெரியவில்லை.

பெயர் மட்டும் தனியே பயணம் போவது இந்த வட்டாரத்துக்குப் புதிதுமல்ல. கார்வேட்டிநகரத்துக்குப் பக்கத்தில்தான் புத்தூர். அதை ஒட்டிய ராச்சபாளெத்தில் ராஜு குடும்பத்தார் தலைமுறைகளாக எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டு வருகிறார்கள். பச்சிலை, முட்டையின் வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை, துணி. முறிந்த இடத்தைத் தடவிப் பார்த்தே பிடிபடுகிற விரல்கள் அவர்களுடையவை என்பது பெயர். இன்று தமிழ்நாட்டில் 'புத்தூர் கட்டு' என்ற பலகை தொங்காத ஊர் குறைவு. பலகை எழுதியவர்களில் எத்தனை பேர் புத்தூரைப் பார்த்தவர்கள் என்பது பலகையில் எழுதியிருக்காது. இறுக்கிப் போட்ட கட்டினால் ரத்த ஓட்டம் நின்று, விரலோ கையோ கறுத்துப்போய் வருகிறவர்களை எலும்பு டாக்டர்கள் அறிவார்கள். கட்டிய பிறகு விரல் நுனி மரத்தால், குளிர்ந்தால், நிறம் மாறினால் அந்த நிமிடமே கட்டை அவிழ்க்க வேண்டும்.

வீட்டு மருந்துகளில் ராஜ மருந்து எது என்றால், விஞ்ஞானம் கை காட்டுவது மூலிகையை அல்ல, உப்பையும் சர்க்கரையையும். 1971-ல் வங்கதேச அகதிகள் குவிந்திருந்த பங்கான் முகாமில் காலரா பரவி, ரத்தக்குழாயில் ஏற்றும் திரவம் தீர்ந்தபோது, டாக்டர் திலீப் மஹலனபிஸ் குளுக்கோஸும் உப்பும் சமையல் சோடாவும் கரைத்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீதமாக இருந்த சாவு 3.6 சதவீதத்துக்கு இறங்கியது. வீட்டில் தயாரிக்க ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீர், ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. தலை தட்டிய அளவு. இங்கேதான் பாட்டி வைத்தியம் ஒரு தப்பைப் பண்ணியது. பேதியாகும் குழந்தைக்குத் தண்ணீர் காட்டாதே, வயிற்றைக் காயப்போடு என்றது. அப்படி வறண்டுபோன பிள்ளைகளின் கணக்கை எந்தப் பாட்டியும் வைத்திருக்கவில்லை.

கொல்லையில் கற்பூரவல்லித் தொட்டி வைத்திருக்கும் வீட்டில் அவசரத்துக்கு இன்னொன்றும் தெரிந்திருப்பது நல்லது. எதையாவது தின்றோ குடித்தோ ஒருவருக்கு மயக்கமோ பிதற்றலோ வந்தால், வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று உப்புத் தண்ணீரைக் கரைத்துக்கொண்டு நேரத்தைப் போக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, மிச்சமிருக்கும் காயையோ இலையையோ ஒரு கவரில் போட்டுக் கையோடு எடுத்துப் போக வேண்டும். தமிழ்ப் பெயரா தெலுங்குப் பெயரா என்று டூட்டி டாக்டர் குழம்ப வேண்டியதில்லை. பார்த்ததும் தெரிந்துவிடும்.