கலியாண வீட்டுக்குப் பறக்க எந்தக் கடனட்டை?

மொன்றியல் தமிழர் ஐரோப்பாவுக்குப் போக ஓர் அழைப்பிதழ் போதும். லண்டன் ஈஸ்ட்ஹாமில் தங்கச்சி மகளின் சாமத்திய வீடு, பாரிஸில் மச்சானின் கலியாணம், சூரிச்சில் பெரியப்பாவின் எண்பதாவது பிறந்தநாள். நாள் குறிப்பது அவர்கள், டிக்கெட் தேடுவது நாங்கள். குறிக்கிற நாளும் பெரும்பாலும் பள்ளி விடுமுறைக்குள்தான் வரும். கியூபெக்கில் யூலையின் கடைசி இரண்டு முழு வாரங்கள் கட்டுமானத் தொழிலாளரின் விடுமுறை என்பதால், மாகாணத்தின் பெரும்பகுதி ஒரே நேரத்தில் பெட்டி கட்டுகிறது. நோத்ர-டாம்-த-கிரேஸில் இருப்பவருக்கு டோர்வால் விமான நிலையம் கூப்பிடு தூரம். ஆனால் அந்த வாரங்களில் நான்கு பேருக்கு டிக்கெட் எடுத்தால் ஒரு வருடச் சேமிப்பு கரைந்துவிடும்.

அதனால்தான் எந்த வீட்டு விருந்திலும் இப்போது பேச்சு கடனட்டைப் புள்ளிகளில் வந்து நிற்கிறது. எந்த வங்கி எத்தனை ஆயிரம் புள்ளி வரவேற்புப் பரிசாகத் தருகிறது என்று ஆளுக்கு ஆள் சொல்கிறார்கள். அந்த எண்ணைக் கடைசியாகப் பாருங்கள் என்பேன். எந்த நகரத்துக்குப் போகிறோம், எந்த மாதம், கூட வருகிறவர்களில் வயது கூடியவர் யார்? இந்த மூன்றும் தெரிந்தால் அட்டை ஏறக்குறைய முடிவாகிவிடும். மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் மிகப் பெரியது.

முதலில் நகரம். மொன்றியலில் இருந்து பறப்பவருக்கு ஏர் கனடாவின் புள்ளித் திட்டமான ஏரோபிளானைத் தவிர்ப்பது கடினம். ஏர் கனடாவின் தலைமையகம் இந்த ஊரில்தான் இருக்கிறது. லண்டன், பாரிஸ், பிராங்பர்ட், ஜெனீவா என்று நேரடி விமானங்கள் இங்கிருந்தே கிளம்புகின்றன. 1984இல் தொடங்கிய ஏரோபிளான் திட்டம் இடையில் தனி நிறுவனமாகிப் போய், 2019 தொடக்கத்தில் ஏர் கனடாவிடம் திரும்பி வந்தது. 2020 நவம்பரில் அதன் விதிகளைப் புதிதாக எழுதினார்கள். அப்போது நடந்த ஒரு மாற்றம் எங்களுக்கு மிகவும் பெறுமதியானது. அதற்கு முன் புள்ளியில் டிக்கெட் எடுத்தாலும் விமான நிறுவனத்தின் மேலதிகக் கட்டணம் என்று ஆளுக்குப் பல நூறு டொலர் கட்ட வேண்டியிருந்தது. ‘இலவச’ டிக்கெட்டை நம்பி வந்தவர்கள் கடைசிப் பக்கத்தில் தொகையைக் கண்டு திகைத்தார்கள். அந்தக் கட்டணம் இப்போது ஏரோபிளானில் இல்லை, கூட்டாளி விமானங்களுக்கும் இல்லை. சுவிஸ் விமானத்தில் மொன்றியலில் இருந்து நேரே சூரிச் போகிறவரும், லுஃப்தான்சாவில் ஜெர்மனி போகிறவரும் அரசாங்க வரி, விமான நிலையக் கட்டணம், கூட்டாளி விமானத்துக்கான ஒரு சிறு பதிவுக் கட்டணம் ஆகியவற்றோடு தப்பிக்கலாம்.

இன்னும் இரண்டு வசதிகள் எங்கள் குடும்பங்களுக்கென்றே செய்தது போல இருக்கின்றன. எட்டுப் பேர் வரை ஒரே குடும்பமாகப் பதிந்து புள்ளிகளை ஒரே பானையில் சேர்க்கலாம். அம்மா, அப்பா, வேலைக்குப் போகும் மகன், கூட இருக்கும் தம்பி எல்லாரும் சேர்ந்தால் ஒரு டிக்கெட் சீக்கிரம் வந்துவிடும். மற்றது, வழியில் ஒரு நகரத்தில் தங்கிப் போகும் உரிமை. 5,000 புள்ளி கூடக் கொடுத்தால் 45 நாள் வரை தங்கலாம். சென்னை போகிறவர் பிராங்பர்ட்டில் இறங்கி, ஜெர்மனியில் இருக்கும் அக்கா வீட்டில் இரண்டு வாரம் நின்றுவிட்டு, அதே டிக்கெட்டில் மிச்சத் தூரத்தைப் பறக்கலாம்.

ரிடி, சிஐபிசி ஆகிய இரண்டு வங்கிகளும் ஏரோபிளான் விசா இன்பினிட் அட்டை தருகின்றன. வருடக் கட்டணம் 139 டொலர். தனி வருமானம் 60,000 அல்லது வீட்டு வருமானம் 100,000 டொலர் கேட்பார்கள். அட்டைக்காரரோடு ஒரே பதிவில் ஏர் கனடாவில் பறக்கிறவர்களுக்கு முதல் பெட்டி இலவசம். சேலையும் பலகாரமும் பரிசுப் பொருளுமாகப் போகிற குடும்பத்துக்கு இந்தச் சலுகை ஒன்றே வருடக் கட்டணத்தைத் திருப்பித் தந்துவிடும்.

லண்டன் என்றால் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். பிரிட்டனில் இருந்து புறப்படும் பயணியிடம் அந்த அரசு தனி வரி வாங்குகிறது. புள்ளி டிக்கெட்டுக்கும் விலக்கு இல்லை. கனடா தூரத்துக்கு இக்கோனமி வகுப்பில் 2025 ஏப்ரலில் அது 90 பவுண்ஸ் ஆனது. பிசினஸ் வகுப்புக்கு அதன் இரண்டு மடங்குக்கும் மேல். இக்கோனமியில் 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு இல்லை. ஆகவே அந்த வீதத்தில் கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் 180 பவுண்ஸ், முந்நூறு டொலருக்கு மேல். வரி புறப்படும்போது மட்டுமே. லண்டனில் இறங்கி, கொண்டாட்டம் முடிய ரயிலில் பாரிஸ் போய், லாச்சப்பலில் சொந்தங்களையும் கண்டுவிட்டு அங்கிருந்து மொன்றியல் திரும்பினால் அந்தப் பிரிட்டன் வரி இராது. ஆனால் ரயில் டிக்கெட்டைக் கடைசி நேரத்தில் எடுத்தால் கணக்குத் தலைகீழாகும்.

அடுத்தது மாதம். ஏர் கனடா தன் சொந்த விமானங்களுக்குக் கேட்கும் புள்ளி கேள்விக்கு ஏற்ப ஏறி இறங்கும். பெப்ரவரியில் கேட்டதைப் போல யூலையில் கேட்காது. கூட்டாளி விமானங்கள் பலவற்றுக்கு அட்டவணை விலை உண்டு, ஆனால் விடுமுறை வாரங்களில் ஆசனம் அரிது. யூலையில்தான் போக முடியும் என்ற குடும்பம் ஆர்பிசியின் ஏவியன் விசா இன்பினிட்டை ஒருமுறை யோசிக்கலாம். கனடாவில் இருந்து ஐரோப்பாவுக்குப் போய்வர 65,000 புள்ளி. 1,300 டொலர் வரையான அடிப்படைக் கட்டணத்தை அது மூடும், மேலே போனால் வித்தியாசத்தை நாங்கள் கட்ட வேண்டும். எந்த விமானம் என்ற கட்டுப்பாடு இல்லாததால் எயார் ட்ரான்சாட்டும் இதற்குள் வரும். விலை ஏறிய மாதத்தில்தான் இந்தப் புள்ளிக்கு மதிப்பு. மலிவான நவம்பர் டிக்கெட்டுக்கு இதைச் செலவழிப்பது வீண்.

புள்ளி சேர்வது பெரும்பாலும் சமையலறை வழியாகத்தான். மாதம் 1,000 டொலருக்கு மரக்கறியும் மளிகையும் வாங்கும் வீட்டை எடுத்துக்கொள்வோம். ஏரோபிளான் விசாவில் மளிகைக்கு டொலருக்கு ஒன்றரைப் புள்ளி, வருடத்துக்கு 18,000. அமெக்ஸ் கோபால்ட் அட்டையில் டொலருக்கு ஐந்து, வருடத்துக்கு 60,000; அதை ஒன்றுக்கு ஒன்றாக ஏரோபிளானுக்கு மாற்றலாம். வித்தியாசம் பெரிது. ஆனால் பையோடு ஷேர்புரூக் தெருவில் இறங்கி நடந்து பாருங்கள். சிறிய கடைகள் பலவற்றின் இயந்திரம் அமெக்ஸை ஏற்காது. கொஸ்ற்கோவில் மாஸ்டர்காட் தவிர வேறு கடனட்டை எடுபடாது. எங்கள் ஆட்களின் தமிழ்க்கடைகளிலோ நிறைய வியாபாரம் காசில்தான் நடக்கிறது. ஆகவே கடந்த இரண்டு மாத ரசீதுகளை மேசையில் பரப்பி, எந்தக் கடையில் எவ்வளவு போகிறது என்று எழுதிப் பார்த்த பிறகு கோபால்ட்டுக்கு விண்ணப்பியுங்கள்.

ஐரோப்பாவில் இறங்கிய பிறகு அட்டையைத் தேய்ப்பது வேறு செலவு. பெரும்பாலான கனடிய அட்டைகள் வெளிநாட்டு நாணயத்துக்கு 2.5 வீதம் கூட எடுக்கின்றன. ஸ்கோஷியாவின் பாஸ்போட் விசா இன்பினிட் அதை எடுப்பதில்லை. கலியாண நகையை லண்டனில் வாங்க நினைப்பவருக்கு இது பெரிய காசு.

இவை எல்லாம் மாதக் கணக்கை முழுதாகக் கட்டுகிறவர்களுக்கு மட்டுமே பொருந்தும். 3,000 டொலர் நிலுவை வைத்தால், 20.99 வீத வட்டியில் ஒரு மாதத்துக்கே ஐம்பது டொலருக்கு மேல் போகும். அந்த 3,000க்கு ஏரோபிளான் விசாவில் கிடைத்த புள்ளிகளின் பெறுமதியே ஏறக்குறைய அவ்வளவுதான். கியூபெக் சட்டம் இதில் கண்டிப்பானது. கடனட்டைகளில் மாதம் குறைந்தது நிலுவையின் 5 வீதத்தைக் கட்ட வேண்டும். சிலருக்கு இது பாரமாகத் தெரிகிறது. கடன் ஆண்டுக்கணக்கில் இழுபடாமல் பார்க்கும் நல்ல சட்டம் என்றே நான் நினைக்கிறேன். வேறு மாகாண உறவினர் அனுப்பும் சலுகை இணைப்புகளையும் கவனமாகப் படியுங்கள். ‘கியூபெக் வாசிகளுக்கு இல்லை’ என்ற வரி சிலவற்றின் அடியில் இருக்கும்.

இனி வயது. கியூபெக் மருத்துவக் காப்புறுதி வெளிநாட்டு ஆஸ்பத்திரிப் படுக்கைக்கு ஒரு நாளைக்குத் தருவது 100 டொலர். வெளிநோயாளியாகப் போனால் 50. லண்டனில் வாட்டில் அனுமதித்தால், அந்த நாட்டில் வசிக்காதவரிடம் அவர்களது வழமையான கட்டணத்தின் 150 வீதத்தை வாங்கும் விதி இருக்கிறது. ஒரு வார நெஞ்சுவலிச் சிகிச்சைக்கு முன்னால், புள்ளியில் மிச்சம் பிடித்த எண்ணூறு டொலர் எந்த மூலைக்கு? அட்டையோடு வரும் அவசர மருத்துவக் காப்புறுதியைத்தான் இந்த இடத்தில் நம்பியிருக்கிறோம், அதற்கோ வயது எல்லை உண்டு. கோபால்ட்டின் காப்புறுதி 65 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு, 15 நாள் பயணத்துக்கு. நஷனல் பாங்கின் வேர்ல்ட் எலீட் மாஸ்டர்காட் 65இல் இருந்து 75 வயது வரையானவருக்கும் 15 நாள் தருகிறது. வருடக் கட்டணம் 150 டொலர். அறுபத்தெட்டு வயது அம்மா தன் பெயரிலேயே அட்டை எடுப்பதானால், புள்ளி குறைவாக வந்தாலும் இந்த அட்டைக்கே என் வாக்கு. விதி மாறக்கூடும் என்பதால் கையொப்பம் வைக்கும் முன் காப்புறுதிப் பத்திரத்தை வாங்கிப் பாருங்கள்.

பத்திரத்தில் இரண்டு இடங்களைத் தேடிப் படிக்க வேண்டும். ஏற்கனவே உள்ள நோய், பயணத்துக்கு முன் குறித்த மாதங்களுக்கு நிலையாக இருந்திருக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். பிரஷர் மாத்திரையின் அளவைப் போன மாதம் டொக்டர் மாற்றியிருந்தால், அதுவே பணம் மறுக்கப் போதுமான காரணமாகலாம். மருந்துக்கடையில் கடந்த ஆறு மாத மருந்துப் பட்டியலைக் கேட்டு வாங்கி, அதைக் கையில் வைத்துக்கொண்டு காப்புறுதி இலக்கத்துக்கு அழையுங்கள். மற்றது, காப்புறுதி பெறுபவர் ஏதாவது ஒரு மாகாணத்தின் மருத்துவத் திட்டத்தில் இருக்க வேண்டும் என்ற விதி. சுப்பர் விசாவில் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து பேரப்பிள்ளைகளோடு தங்கியிருக்கும் அம்மம்மா அதில் இல்லை. அவரையும் லண்டன் கலியாணத்துக்குக் கூட்டிப் போவதானால் மகளின் அட்டை அவருக்கு எதுவும் செய்யாது. விசாவுக்காக வாங்கிய காப்புறுதி கனடாவில் தங்கும் காலத்துக்கானது. அவருக்குத் தனிப் பயணக் காப்புறுதி வேண்டும், அதை டோர்வாலுக்குப் புறப்படும் முன்பே வாங்கியிருக்க வேண்டும்.