சிங்கப்பூரில் மூன்று இரவுகள்

அல்சூர் ஏரிக்கு அருகிலுள்ள ஜோகுபாளையத்துத் தெருக்களில் நடப்பவர், தாம் கன்னட நாட்டின் தலைநகரில் இருப்பதைச் சற்றே மறந்துவிடக் கூடும். வாசல்தோறும் தமிழ் கேட்கிறது. 1809இல் ஆங்கிலேயர் பெங்களூரில் படை முகாம் அமைத்தபோது அதனைச் சார்ந்து வந்து குடியேறிய தமிழர் பலர். பத்தே ஆண்டுகள் கழித்து, 1819இல், ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்கு வந்தார் நாராயண பிள்ளை என்ற தமிழர். அவர் செங்கற்சூளை வைத்துப் பொருளீட்டி, 1827இல் மாரியம்மன் கோயிலுக்கு அடிகோலினார். ஆகவே ஜோகுபாளையத்திலிருந்து விடுமுறைக்குச் சிங்கப்பூர் செல்லும் குடும்பம், முற்றிலும் அந்நியமான ஊருக்குச் செல்வதாகக் கூறுவதற்கில்லை. அங்கே தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று.

அந்நகரின் இன்பம் இரவில்தான் தொடங்குகிறது. இதற்கு ஒரு வேடிக்கையான காரணமும் உண்டு. நம் கடிகாரத்தைவிட அவர்களுடையது இரண்டரை மணி முந்தியது. அங்கே நள்ளிரவு பன்னிரண்டு அடிக்கும்போது நம் உடல் ஒன்பதரை என்றே எண்ணிக்கொண்டிருக்கும். உறக்கம் வருவதில்லை. மேலும், நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊராதலால், ஆண்டு முழுவதும் மாலை ஏழு மணியளவில் இருட்டிவிடுகிறது. மரீனா விரிகுடாவை அடுத்த பூந்தோட்டத்தில், மரம்போல் ஓங்கிய இரும்புக் கோபுரங்கள் இசைக்கேற்ப ஒளிரும் காட்சி இரவுதோறும் நடைபெறுகிறது. அதற்குக் கட்டணம் இல்லை.

உணவுக்கு வருவோம். நட்சத்திர ஓட்டல்களை நாம் பரிந்துரைக்க மாட்டோம். தெருவோரத்தில் கூவி விற்ற வியாபாரிகளை 1970களிலும் 80களிலும் அரசாங்கம் கூரையும் குழாய்நீரும் உள்ள உணவங்காடி நிலையங்களுக்குள் குடியேற்றியது. 2020இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது அவ்வங்காடி வாழ்க்கையே. தேக்கா நிலையத்தில் பிரியாணியும், நம் பரோட்டாவின் உடன்பிறப்பாகிய 'பிராட்டா'வும், ஆற்றி ஆற்றி நுரை பொங்கும் 'தே தாரிக்' தேநீரும் கிடைக்கும். மேசையின்மேல் ஒரு காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் கிடந்தால், அவ்விடம் பிறருக்கு உரியது என்று பொருள், தள்ளிவிட்டு உட்காரலாகாது. உண்டு முடித்துப் பழக்கதோஷத்தால் தட்டை அப்படியே விட்டெழுந்த நம்மை, பக்கத்து மேசை முதியவர் ஒருவர் ஒன்றும் சொல்லாமல் பார்த்தார். அந்தப் பார்வையே போதுமானதாயிருந்தது. தட்டைத் திருப்பி வைக்காதவர் மீது 2021 முதல் சட்டப்படி நடவடிக்கை உண்டு என்பதைப் பின்னரே அறிந்தோம். சைவ உணவினர் 1947இல் தொடங்கிய கோமள விலாஸைச் சிராங்கூன் சாலையில் காணலாம்.

கடைவீதியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கமர்ஷியல் தெருவில் பேரம் பேசிப் பழகிய நமக்கு, பெருங்கடைகளின் விலைச்சீட்டு முதலில் கசக்கும். முஸ்தபா நிலையம் நள்ளிரவுக்குப் பின்னும் திறந்திருக்கிறது. பொருள்களின் விலையில் 9 விழுக்காடு வரி அடங்கியுள்ளது. வரி திரும்பத் தரும் திட்டத்தில் சேர்ந்த கடையில் 100 வெள்ளிக்குக் குறையாமல் வாங்கினால், சுற்றுலாப் பயணி அதனை விமான நிலையத்தில் திரும்பக் கோரலாம். கடவுச்சீட்டும் ரசீதும் கையிலிருத்தல் வேண்டும். ஆனால் நகையில் எச்சரிக்கை தேவை. நம் நாட்டுச் சுங்கத்தார் தரும் நகைச் சலுகை, ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் தங்கியவர்களுக்கே உரியது. மூன்று நாள் விருந்தினருக்கு அது இல்லை.

மதுவருந்துவோர் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. 2015 முதல் இரவு பத்தரை மணிக்கு மேல் பொதுவிடங்களில் குடித்தல் குற்றம். லிட்டில் இந்தியாவிலோ வார இறுதி முழுவதும் தடை. அதன் பின்னணி துயரமானது. 2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு, தமிழ்நாட்டுக் கட்டடத் தொழிலாளி ஒருவர் பேருந்தின் சக்கரத்தில் சிக்கி மாண்டார். அதைத் தொடர்ந்து அத்தெருவில் கலவரம் மூண்டது.

ஆதலின் மூன்று இரவுகளில் ஒன்று ஞாயிறாக அமைவது நன்று. வாரம் முழுவதும் உழைத்த நம்மவர்கள் அன்றுதான் கூடுகிறார்கள். ஊருக்குப் பணம் அனுப்புகிறார்கள், புல்தரையில் அமர்ந்து வீட்டாருடன் தொலைபேசியில் பேசுகிறார்கள். பிழைப்புக்காக வேற்று மாநிலம் வந்த நமக்கு அந்தப் பேச்சு புதிதன்று. எந்த ஊர் என்று கேட்டால் மகிழ்ந்து சொல்வார்கள். நமக்கு உறக்கம் வருவதற்கு வெகுநேரம் முன்பே, அவர்கள் விடுதிக்குப் பேருந்தேறிவிடுவார்கள். மறுநாள் வேலை இருக்கிறது.