கைக்கேற்ற மடக்குக் கத்தி

கத்தி என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மிற் பலருக்கு அச்சமே முதலில் தோன்றுகிறது. ஆயினும், நாள்தோறும் நமக்கு உதவும் சிறு கருவிகளுள் சட்டைப் பையில் அடங்கும் மடக்குக் கத்தியும் ஒன்றாகும். மாதுங்காவில் வாங்கிய வாழை இலையின் காம்பை நறுக்கவும், ஊரிலிருந்து வந்த பொட்டலத்தின் சணற் கயிற்றை அறுக்கவும், இரயிற் பயணத்தில் பழம் அரியவும், தாராவியின் தோற் கூடங்களில் தைத்து முடித்த வாரில் எஞ்சிய நூலைக் களையவும் அது பயன்படுகின்றது. அதனை வாங்கும்போது அலகின் பளபளப்பையும் விலையையும் பார்க்கின்றோம். நமது கைக்குப் பொருந்துமா என்று பார்ப்பவர் சிலரே. பெரிய கையுடையோர் இதனால் அடையும் துன்பம் சிறிதன்று.

மடக்குக் கத்தி மேனாட்டார் நமக்குத் தந்த புதுமை என்று எண்ண வேண்டுவதில்லை. பனையோலையில் எழுதிய நம் முன்னோர் மடக்கெழுத்தாணி என்ற ஒன்றைக் கையாண்டனர். ஒரு புறம் எழுதும் முனையும், மறு புறம் ஓலையை வாரும் கத்தியும் அமைந்து, இரண்டும் பிடிக்குள் மடங்கும் வகையும் அதில் உண்டு. பேனாக் கத்தி என்று நாம் இன்று வழங்கும் சொல்லும் எழுத்து வேலையை ஒட்டியதே. பறவை இறகைச் சீவிப் பேனா செய்த காலத்து மேனாட்டுக் கத்திக்கு இட்ட பெயரின் தமிழ் வடிவம் அது.

இனி, கையின் அளவைக் கவனிப்போம். வளர்ந்த ஆடவரின் உள்ளங்கை, நான்கு விரல்களின் அடியில் அளந்தால், பெரும்பாலும் 8 முதல் 9 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். பெரிய கையாயின் 10 சென்டிமீட்டரை நெருங்கும். பிடி இதனினும் குறுகியிருந்தால் சுண்டு விரலுக்கு இடமிராது. பிடியின் முனை உள்ளங்கையின் நடுவே குத்தும். கத்தி நழுவாதிருக்கும் பொருட்டு எஞ்சிய விரல்கள் அளவுக்கு மீறி இறுக்க வேண்டி வரும். இவ்வாறு இறுக்கிய கை விரைவில் சோர்வுறும். சோர்ந்த கையில் கத்தி புரளும். ஆகவே, சிறிய கத்தியே ஆபத்தற்றது என்ற எண்ணம் பெரிய கையுடையோருக்குப் பொருந்தாது. கை உழைப்பால் நாட்கூலி பெறுவோருக்கு ஒரு விரற்காயம் பல நாள் வருவாயைப் பறித்துவிடும் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

கருவிகளின் பிடியை ஆராய்ந்தோர், வலிமையுடன் பற்றும் கருவிக்குப் பிடி 10 சென்டிமீட்டருக்குக் குறையலாகாது என்றும், 12 சென்டிமீட்டர் வரை இருப்பது நலம் என்றும் கூறுவர். பெரிய கைக்கு 11 முதல் 13 சென்டிமீட்டர் நீளப் பிடி ஏற்றது. நீளம் மட்டும் போதாது, தடிப்பும் வேண்டும். தகடுபோல் மெலிந்த பிடி எவ்வளவு நீண்டிருப்பினும் விரல்களை வெட்டுவதுபோல் உறுத்தும். நடுவில் சற்றுப் பருத்து, விளிம்புகள் உருண்டிருக்கும் பிடியையே தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

பிடி பெரிதானால் எடை மிகாதா என்று நேயர்கள் வினவக்கூடும். எடையைப் பெரும்பாலும் முடிவு செய்வது பிடியின் பொருளே. ஒரே அளவுள்ள துண்டுகளை நிறுத்துப் பார்த்தால், உருக்கு அலுமினியத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு எடையுள்ளது. மரத்தைப்போல் பத்து மடங்கையும் எட்டும். நைலான் எடையில் தண்ணீரைவிடச் சிறிதே மிகுந்தது. ஆகவே, இரு புறமும் உருக்குத் தகடு பொருத்திய சிறு கத்தியைவிட, மரப் பிடியோ நைலான் பிடியோ கொண்ட பெரிய கத்தி இலேசாக இருத்தல் கூடும்.

இதற்குத் தக்க சான்று பிரான்சு நாட்டின் சவோய் மலைப்பகுதியில் 1890-ஆம் ஆண்டில் ஜோசப் ஒப்பினெல் வடித்த உழவர் கத்தியாகும். ஒரு மரப் பிடி, ஓர் அலகு, ஓர் ஆணி என்னும் எளிய அமைப்பு அது. கைக்குக் கை வேறுபடும் என்பதை உணர்ந்து, ஒரே கத்தியை எண்ணிட்ட பல அளவுகளிற் செய்தனர். எட்டாம் எண்ணின் அலகு 8.5 சென்டிமீட்டர், பத்தாம் எண்ணின் அலகு 10 சென்டிமீட்டர். பெரிய கைக்கு இசையும் பத்தாம் எண்ணின் எடை ஒரு கோழி முட்டையின் எடையைவிடச் சிறிதே கூடுதலாகும். சுவிட்சர்லாந்தில் கார்ல் எல்செனர் 1891-ஆம் ஆண்டு முதல் படையினருக்கு அளித்த கத்தியின் வழிவந்தவற்றுள், பரவலாகக் காணப்படுவது 91 மில்லிமீட்டர் நீளமுடையது. பெரிய கைக்கு அது சற்றுக் குறுகியதே. அதே வரிசையில் நைலான் பிடியும் பூட்டும் கொண்ட 111 மில்லிமீட்டர் கத்திகளும் உள்ளன.

பூட்டைப் பற்றியும் ஒரு சொல். திறந்த அலகு வேலையின் நடுவே மடங்கி விரலின்மேல் விழுமாயின், விரலை வளைக்கும் தசைநாண் அறுபட நேரலாம். எனவே, அலகை நிலைநிறுத்தும் பூட்டு இருத்தல் நன்று. அப்பூட்டை விடுவிக்க உங்கள் கட்டைவிரலுக்குப் போதிய இடம் உண்டா என்று பாருங்கள். அலகில் உள்ள நகப்பள்ளமும் ஆழமாக இருக்க வேண்டும். தடித்த விரலுடையோர் ஆழமற்ற பள்ளத்தில் நகத்தை முறித்துக்கொள்வர்.

மும்பையின் கடற்காற்றும், ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டும் மழையும் கத்திக்குப் பகை. சாதாரண உருக்கு விரைவில் துருப்பிடிக்கும்; குரோமியம் கலந்த துருவேறா உருக்கே இங்கு ஏற்றது. மரப் பிடி ஈரத்தில் ஊதி அலகைக் கவ்விக்கொள்ளும். ஆகவே, மழையில் வெளிவேலை செய்வோருக்கு நைலான் பிடி உத்தமம். அச்சாணியில் தையல் எந்திர எண்ணெய் ஒரு துளி இடுவது போதும்.

சட்டத்தையும் அறிந்திருத்தல் கடமையாகும். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் 2016-இல் இயற்றிய விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீண்ட அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகன்ற அலகுள்ள கத்திகளை ஆயுத வகையிற் சேர்க்கின்றன. வீட்டுக்கும் உழவுக்கும் தொழிலுக்கும் என அமைந்தவற்றுக்கு விலக்கு உண்டு. நாம் கூறும் கத்தியின் அலகு இதிற் பாதியைக்கூட எட்டாது. எனினும், 1951-ஆம் ஆண்டு மகாராஷ்டிரக் காவற் சட்டத்தின் 37-ஆம் பிரிவின்படி, பொது அமைதியின் பொருட்டுக் குறிப்பிட்ட காலத்துக்குக் கத்திகளைப் பொது இடத்தில் எடுத்துச் செல்வதைத் தடை செய்ய அதிகாரிகளுக்கு உரிமையுண்டு. அத்தகைய ஆணை நடப்பிலுள்ள நாட்களிலும், கூட்டங்களுக்கும் ஊர்வலங்களுக்கும் செல்லும்போதும் கத்தியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பொத்தானை அழுத்தியவுடன் வில்விசையால் பாய்ந்து திறக்கும் கத்தியை வாங்கவே வேண்டாம். அது வேலைக்கு உதவுவதைவிட ஐயத்தையே மிகுதியாக வளர்க்கும். விமானத்தில் ஊர் செல்வோர் கத்தியைக் கைப்பையில் வைத்தல் கூடாது; ஒப்படைக்கும் பெட்டிக்குள் உறையிட்டு வைக்க வேண்டும்.

புதிதாக இந்நகருக்கு வந்தோருக்கு ஒரு குறிப்பு. இங்குள்ள கடைக்காரர் கத்தியைச் ‘சாக்கு’ என்பர். நம் கோணிப்பையை நினைத்து மயங்க வேண்டாம். மராத்தியில் ‘சுரி’ என்றும் சொல்வர். நமது சூரிக்கத்தியின் ஒலியை அதில் கேட்கலாம். சொல் எதுவாயினும், கடையிற் செய்ய வேண்டிய சோதனை ஒன்றே. மடக்கிய கத்தியை முதலில் உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். இரு முனையும் சற்று வெளியே நீள வேண்டும். பின்பு திறந்து, நான்கு விரலும் பிடியில் படியுமாறு பற்றி, முப்பது எண்ணும் வரை இறுக்குங்கள். கையை விரித்ததும் உள்ளங்கையில் ஆழ்ந்த செந்தழும்பு தோன்றினால், அக்கத்தி எவ்வளவு புகழ்பெற்றதாயினும் உங்களுக்கு உரியதன்று. தழும்பின்றிக் கை இயல்பாக இருந்தால் அதனைத் தயங்காது வாங்கலாம்.