கோப்பையின் இடது பக்கத்துச் சோறு



எங்கள் அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்தது 2003ஆம் ஆண்டில். இடது கையும் இடது காலும் வழங்காமல் போய்விட்டன. வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு நான்தான் பார்த்தேன். எனக்கு அப்போது 19 வயது.

சோறு போட்டுக் கொடுத்தால் அம்மா கோப்பையின் வலது பாதியை மட்டும் சாப்பிடுவார். இடது பாதியில் சோறும் மீன்குழம்பும் தொடாமல் கிடக்கும். "காணுமோ அம்மா?" என்று கேட்டால், "முடிஞ்சுது பிள்ளை, இன்னும் கொஞ்சம் போடன்" என்பார். எனக்குக் கோபம் வரும். அரிசியை அளந்து சமைத்த காலம் அது. "கண்ணுக்கு முன்னாலை கிடக்கிறது தெரியேல்லையோ? என்னோடை விளையாடுறீங்களோ?" என்று ஏசியிருக்கிறேன். தலை வாரச் சீப்பைக் கொடுத்தால் வலது பக்கம் மட்டும் வாருவார். இடது பக்கமாக நின்று கூப்பிட்டால் திரும்பமாட்டார். அது பிடிவாதம் என்றார் மாமி. நானும் அப்படித்தான் நினைத்தேன். 2005இல் அம்மா காலமானார்.

அடுத்த வருடம் கொழும்பில் தொழில்வழிச் சிகிச்சை படிக்கச் சேர்ந்தேன். ஒரு நாள் விரிவுரையாளர் ஒரு கடதாசியைத் தூக்கிக் காட்டினார். பாரிசவாதம் வந்த ஒருவர் வரைந்த மணிக்கூடு. பன்னிரண்டு இலக்கங்களும் வலது பக்கத்திலேயே நெருக்குப்பட்டுக் கிடந்தன. இடது பக்கம் வெறுமை. மூளையின் வலது பாதியில் சேதம் ஏற்பட்டால் சிலருக்கு இப்படி ஆகும் என்றார். கண்ணில் பழுதில்லை. ஆனால் இடது பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை கவனிக்காது. கோப்பையின் இடது பாதி அவர்களுக்கு இல்லை. நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அன்றைய பாடத்தின் மிச்சத்தைச் சிநேகிதியின் கொப்பியைப் பார்த்துத்தான் எழுதினேன்.

இன்று எங்கள் பிரிவுக்குப் பயிற்சிக்கு வரும் மாணவிகளுக்கு முதலில் அந்த மணிக்கூட்டைத்தான் வரைந்து காட்டுகிறேன். அவர்களுடைய பாடப் புத்தகங்களில் வருத்தங்களின் பெயரும் குணங்குறிகளும் வரிசையாக இருக்கின்றன. எல்லாம் ஆங்கிலத்தில். ஆனால் குணங்குறி முதலில் தெரிவது கிளினிக்கில் அல்ல. குசினியிலும் கிணற்றடியிலும் படுக்கையிலும். பார்ப்பவர்கள் நீங்கள். அதனால் மாணவிகளுக்குச் சொல்வதில் சிலவற்றை உங்களுக்கும் சொல்ல வேண்டும் என்று பட்டது.

தொழில்வழிச் சிகிச்சை என்றதும் "வேலை எடுத்துத் தருவீங்களோ மிஸ்?" என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. இங்கே தொழில் என்பது ஒருவர் நாளாந்தம் செய்கிற எல்லாக் காரியமும்தான். குளிப்பது, உடுப்பது, சமைப்பது, பிள்ளையைத் தூக்குவது. வைத்தியர் வருத்தத்தின் பெயரைக் கண்டுபிடிப்பார். அந்த வருத்தத்தோடு எப்படி உடுப்பது, எப்படிச் சமைப்பது என்பதைப் பார்ப்பது எங்கள் வேலை.

பாரிசவாதம் வந்தவர் இடது பக்கத்தைக் கவனிக்காவிட்டால் ஏச வேண்டாம். பாதி சாப்பிட்டதும் கோப்பையைத் திருப்பி வையுங்கள். கோப்பையின் இடது ஓரத்தில் சிவப்பு நாடா ஒட்டி, "சிவப்பைத் தேடுங்கோ" என்று சொல்லிப் பழக்கலாம். இடது பக்கத்தில் இருந்து கதையுங்கள். வழங்காத கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக்கூடாது. தோள்மூட்டு விலகி நோவு தொடங்கிவிடும். தண்ணீர் குடிக்கும்போது இருமினாலோ, குடித்த பின் குரல் சளசளத்தாலோ விழுங்குவதில் கோளாறு இருக்கலாம். படுக்க வைத்து எதையும் பருக்காதீர்கள். காரணமில்லாமல் அழுவதும் சிரிப்பதும்கூட மூளையில் ஏற்பட்ட சேதத்தால் வரலாம். அதைப் பார்த்து "அவவுக்கு நடிப்பு" என்று சொல்லும் சொந்தக்காரரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று. வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தானாகக் கீழே விழுவது, பேச்சுக் குளறுவது ஆகிய மூன்றில் ஒன்று திடீரென்று வந்தாலும் எண்ணெய் பூசிப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். இரத்தக் குழாய் அடைத்து வந்த பாரிசவாதத்துக்கு அடைப்பைக் கரைக்கும் ஊசி உண்டு. அதை நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். குணங்குறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு போங்கள். அங்கே முதலில் கேட்பது அதைத்தான்.

கை விறைப்பு பற்றிப் பேசாமல் விட்டால் இடியப்பம் அவிக்கும் சகோதரிகள் என்னை மன்னிக்கமாட்டார்கள். இடியப்பம் பிழிவது, தையல் இயந்திரத்தில் இருப்பது, பனையோலை பின்னுவது என்று கையை நம்பிக் குடும்பம் நடத்துவோர் எங்களில் ஏராளம். இரவில் கை விறைத்து விழிப்பு வருகிறதா? உதறினால் சுகமாக இருக்கிறதா? பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் விறைத்து, சின்ன விரல் மட்டும் தப்பியிருக்கிறதா? அப்படியானால் மணிக்கட்டில் ஒரு நரம்பு நசிபடுகிறது என்று சந்தேகிக்கலாம். சலரோகம், தைரொயிட் கோளாறு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது கூடுதலாக வரும். இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் மட்டையை நாங்கள் செய்து தருவோம். ஆரம்பத்தில் வந்தால் பலருக்கு அதுவே போதும். பெருவிரல் அடியிலுள்ள சதை வற்றிய பிறகு வந்தால் சத்திர சிகிச்சை செய்தும் முழுப் பலன் கிடைக்காமல் போகலாம்.

முள்ளந்தண்டில் காயப்பட்டு இடுப்புக்குக் கீழ் உணர்வில்லாமல் இருப்பவர்களைப் பராமரிக்கும் சகோதரிகளுக்குச் சொல்ல வேண்டியது வேறு. அங்கே நோவு என்ற எச்சரிக்கை மணியே இல்லை. "நோகேல்லை மிஸ், அதுதான் பேசாமல் இருந்தனான்" என்று சொல்லி, இருப்பிடத்தில் கை புகும் அளவு புண்ணோடு வந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். முதல் அடையாளம் ஒரு சிவப்புத் தடம் மட்டும்தான். கறுத்த தோலில் அது சிவப்பாகத் தெரியாது. மற்ற இடத்தைவிடக் கறுத்து, சூடாக, கல்லுப்போல் இருக்கும். காலையும் மாலையும் கண்ணாடி பிடித்துப் பாருங்கள். தடம் தெரிந்தால் அது மறையும்வரை அந்தப் பக்கத்தில் பாரம் படக்கூடாது. படுக்கையில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் திருப்ப வேண்டும். சக்கர நாற்காலியில் இருப்பவர் அரை மணிக்கு ஒருதரமாவது முன்னுக்கும் பக்கத்துக்கும் சாய்ந்து பாரத்தை எடுக்க வேண்டும். நடுவில் ஓட்டை உள்ள ரியூப்பில் இருத்துகிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் அது சுற்றியுள்ள சதையின் இரத்த ஓட்டத்தைத் தடுத்துவிடும்.

சலத்தில் கிருமி தொற்றினாலும் அவர்களுக்கு எரிவு தெரியாது. கலங்கல், நாற்றம், காய்ச்சல், கால்கள் வழக்கத்தைவிடக் கூடுதலாக வெட்டி இழுப்பது என்பவற்றைக் கவனியுங்கள். காயம் நெஞ்சு மட்டத்திலோ அதற்கு மேலோ இருந்தால் இன்னும் ஒன்றைப் பாடமாக்கி வைத்திருக்க வேண்டும். திடீரென்று தலை வெடிப்பது போல் இடித்து, முகம் சிவந்து, வியர்த்துக் கொட்டினால் பிறசர் ஆபத்தான அளவுக்கு ஏறுகிறது என்று அர்த்தம். உடனே நிமிர்த்தி இருத்தி, இறுக்கமான உடுப்பைத் தளர்த்தி, சலக் குழாய் மடிந்திருக்கிறதா, பை நிரம்பிவிட்டதா என்று பாருங்கள். பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கும். தணியாவிட்டால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். முள்ளந்தண்டுக் காயம் என்று சொல்லத் தவறாதீர்கள்.

சென்ற வருடம் முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். 2009 ஏப்ரலில் செல் விழுந்து முழங்காலுக்குக் கீழே காலை இழந்தவர். செயற்கைக் கால் தளர்ந்துவிட்டது என்று வந்தார். நான் குழியின் அளவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற மாணவி மெல்லக் கேட்டாள்: "அக்கா, கால் இல்லாத இடத்திலை ஏதும் தெரியுறதோ?"

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "பெருவிரல் நோகும் பிள்ளை. ஆரோ பிடிச்சு முறுக்கிற மாதிரி. இரவிலைதான் கூட. ஒருத்தருக்கும் சொல்லேல்லை. விசர் எண்டு சொல்லுவினம்."

எத்தனை வருடம் அதை மனதுக்குள் வைத்திருந்தார் என்று கணக்குப் பாருங்கள்.

அவருக்கு விசர் இல்லை. அவயவம் இழந்தவர்களில் பெரும்பாலானோருக்கு இந்த உணர்வு உண்டு. கால் போனாலும் மூளையில் காலுக்கென்று உள்ள இடம் போவதில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயப்பட்டவர்களைப் பார்த்த வைத்தியர் வெயார் மிச்சல் 1871இலேயே இதற்கு ஒரு பெயர் வைத்து எழுதினார். சென்னை ஸ்ரான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் ஒரு சாதாரண கண்ணாடியால் இந்த நோவைக் குறைக்கலாம் என்று காட்டினார். இரண்டு காலுக்கும் நடுவில், நல்ல கால் தெரியும்படி கண்ணாடியை நிறுத்த வேண்டும். அதைப் பார்த்தபடி நல்ல காலின் விரல்களை மெதுவாக மடக்கி விரிக்க வேண்டும். கண்ணாடியில் இரண்டு காலும் இருப்பதாகத் தெரியும். முறுக்குப்பட்ட விரல் விரிவதை மூளை காண்கிறது. நாளுக்குப் பதினைந்து நிமிடம் செய்து பார்க்கலாம். எல்லோருக்கும் பலிக்காது. பலிக்காதவர்களுக்கு நரம்பு நோவுக்கான குளிசைகள் உண்டு, வைத்தியரிடம் கேளுங்கள்.

அக்கா முதல் தரம் கண்ணாடியைப் பார்த்ததும் அழுதார். அது சிலருக்கு நடக்கும். அதற்காக நிறுத்த வேண்டியதில்லை, கூட ஒருவர் இருந்தால் போதும். மாணவி கூட இருந்தாள். மூன்றாம் கிழமை, விரல் கொஞ்சம் விரிகிறது என்றார். கடைசியாக வந்தபோது அவர் வீட்டுக் கண்ணாடியின் ஒரு மூலை உடைந்திருந்தது. பேரன் பந்தடித்தானாம். வேறொன்று வாங்கச் சொன்னேன். "கால் முழுக்கத் தெரியுது, காணும்" என்று சீலையில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.