குழந்தைகளின் பதிலுக்காகக் காத்திருந்த ஸ்டீவ்... ‘செத்துட்டார்’ என்று நம்பிய அமெரிக்கா!

2021 செப்டம்பர் 7. நிக் ஜூனியர் சேனலின் ட்விட்டர் பக்கத்தில் ஒரு வீடியோ வந்தது. பச்சைச் சட்டை, தலையில் தொப்பி, 47 வயது ஆள் ஒருத்தர் கேமராவை நேராகப் பார்த்துப் பேசுகிறார். ஒருநாள் நான் திடீர்னு காலேஜுக்குக் கிளம்பிட்டேனே, ஞாபகம் இருக்கா என்று கேட்கிறார். அப்போ குட்டிப் பசங்களாக இருந்த உங்களுக்கு இப்போ கல்விக் கடன், வேலை, குடும்பம்னு ஆகிடுச்சே என்கிறார். உங்களை நான் மறக்கவே இல்லை என்று சொல்லி முடிக்கிறார்.

அவ்வளவுதான் வீடியோ. சில நாட்களில் கோடிக்கணக்கான முறை பார்க்கப்பட்டது. ஆபீஸ் நேரத்தில் பார்த்து அழுதுட்டேன் என்று எழுதியவர்களில் பெரும்பாலோர் 25, 30 வயதுக்காரர்கள். இதில் இன்னொரு வினோதம், இவர் எப்போதோ இறந்துட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

யார் இந்த ஸ்டீவ்?

முழுப் பெயர் ஸ்டீவ் பர்ன்ஸ். பென்சில்வேனியா மாநிலத்தின் பாயர்டவுன் என்ற சின்ன ஊரில் வளர்ந்தவர். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, நடிகனாகும் ஆசையில் நியூயார்க் வந்தார். சின்னச் சின்ன வேடங்கள், குரல் கொடுக்கும் வேலைகள் என்று ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் ‘ப்ளூஸ் க்ளூஸ்’ என்ற நிகழ்ச்சிக்கு ஆள் தேடினார்கள். அதுவும் குரல் கொடுக்கும் வேலைதான் என்று நினைத்து நீள முடியும் காதில் வளையமுமாகப் போய் நின்றார். சேனல்காரர்களுக்குத் தயக்கம். ஆனால், தேர்வு வீடியோக்களைச் சின்னக் குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டியபோது, அவர்கள் அதிகமாகப் பதில் பேசியது இவரிடம்தான். வேலை கிடைத்துவிட்டது.

1996 செப்டம்பர் 8-ம் தேதி நிக்கலோடியனில் நிகழ்ச்சி தொடங்கியது. கதை ரொம்ப எளிமை. ப்ளூ என்ற நீல நிற நாய்க்குட்டி மூன்று இடங்களில் தன் பாதத் தடத்தை விட்டுவிட்டுப் போகும். அந்தத் துப்புகளை ஸ்டீவ் நோட்டில் வரைந்துகொண்டு, பெரிய நாற்காலியில் உட்கார்ந்து யோசிப்பார். பல நேரம் துப்பு அவருக்குப் பின்னாலேயே இருக்கும், அவர் மட்டும் வேறு பக்கம் தேடிக்கொண்டிருப்பார். டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் மூன்று வயசுக் குழந்தை ‘அங்க இல்ல, பின்னாடி!’ என்று கத்தும்.

அந்த ‘சும்மா இருக்கும்’ நேரம்

அந்தக் கத்தலுக்காகவே நிகழ்ச்சியில் இடைவெளி விட்டார்கள். கேள்வி கேட்டதும் ஸ்டீவ் பேச்சை நிறுத்திவிடுவார். கேமராவைப் பார்ப்பார், காத்திருப்பார். பெரியவர்களுக்கு அது என்னடா இழுவை என்று தோன்றும். குழந்தைக்கு யோசித்துப் பதில் சொல்ல அவ்வளவு நேரம் வேண்டும்.

இதையெல்லாம் குத்துமதிப்பாகச் செய்யவில்லை. ஏஞ்சலா சான்டொமெரோ, டாட் கெஸ்லர், ட்ரேசி பேஜ் ஜான்சன் ஆகிய மூவரும் உருவாக்கிய நிகழ்ச்சி இது. ஒவ்வொரு எபிசோடையும் மழலையர் பள்ளிகளில் குழந்தைகளிடம் காட்டி, எங்கே கவனம் சிதறுகிறது என்று பார்த்துத் திருத்தினார்கள். 1969 முதல் கொடிகட்டிப் பறந்த ‘செசமி ஸ்ட்ரீட்’ துண்டு துண்டான காட்சிகளால் ஆனது. இவர்களோ ஒரே கதையை மெதுவாகச் சொன்னார்கள். அதோடு, ஒரே எபிசோடைத் திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாளும் திரும்பத் திரும்ப ஒளிபரப்பினார்கள்! குழந்தைகளுக்கு அலுக்கவில்லை. விடை தெரிந்துவிட்டதால் நாளுக்கு நாள் இன்னும் சத்தமாகப் பதில் சொன்னார்கள்.

நமக்குப் புரியும்படி சொன்னால், சுட்டி டிவியில் டோரா நம்மைப் பார்த்துக் கேள்வி கேட்டுவிட்டுக் கண் சிமிட்டிக்கொண்டு நிற்பாளே, அதேதான். அதே சேனலில் 2000-ல், நான்கு வருஷம் கழித்து வந்தவள் டோரா.

ஆனால் டோரா கார்ட்டூன். ஸ்டீவ் நிஜ மனுஷன். அந்த வீட்டில் நிஜமாக இருந்த ஆள் அவர்தான். நாய்க்குட்டி, உப்பு டப்பா எல்லாம் பிறகு சேர்த்த அனிமேஷன். வெற்றுத் திரைக்கு முன்னால் தனியாக நின்று, பதிலே வராத கேமராவிடம் ‘அட, சரியாச் சொன்னீங்களே!’ என்று வருஷக்கணக்கில் சந்தோஷப்பட வேண்டிய வேலை.

வதந்தி எப்படிக் கிளம்பியது?

அவர் நடித்துக்கொண்டிருந்தபோதே, 90-களின் கடைசியில், ஆள் செத்துட்டார் என்ற பேச்சு இணையத்தில் பரவியது. கார் விபத்து என்றார்கள், போதை மருந்து என்றார்கள். ரோஸி ஓ’டோனலின் டிவி நிகழ்ச்சிக்கே நேரில் போய், உயிரோடுதான் இருக்கேன் என்று காட்ட வேண்டியிருந்தது. அப்படியும் அடங்கவில்லை. 2002 ஏப்ரலில், கதைப்படி அவர் கல்லூரிக்குக் கிளம்பினார். தம்பி ஜோவாக டோனவன் பேட்டன் வந்தார். திரையிலிருந்து ஆள் காணாமல் போனதும், பழைய புரளிக்கு அதுவே சாட்சியாகிவிட்டது.

உண்மைக் காரணம் சாதாரணமானது. முடி கொட்ட ஆரம்பித்துவிட்டது, காலம் முழுக்க இதையே செய்யவும் அவருக்கு எண்ணமில்லை. 2003-ல் ‘சாங்ஸ் ஃபார் டஸ்ட்மைட்ஸ்’ என்ற ராக் ஆல்பம் வெளியிட்டார்.

சாதாரணமாக இல்லாத விஷயம் ஒன்று இருந்தது. அதைப் பிறகுதான் வெளியில் சொன்னார். 2022-ல் ‘வெரைட்டி’ இதழுக்குக் கொடுத்த பேட்டியில், நிகழ்ச்சி நடந்த அந்த வருஷங்களில் தனக்குக் கடுமையான மனச்சோர்வு நோய் இருந்தது, அது நோய் என்றே அப்போது தெரியாது என்றார். தினமும் வேறு எங்கிருந்தோ உற்சாகத்தைத் தேடி எடுத்துவந்து கேமரா முன் நின்றிருக்கிறார். சிகிச்சை எல்லாம் பின்னால்தான்.

இந்த நிலைமையில் இருக்கும் ஒருவரிடம், பார்க்கிறவர்கள் எல்லாம் ‘நீங்க செத்துட்டீங்கன்னு நினைச்சேனே’ என்று சிரித்துக்கொண்டே சொன்னால் எப்படி இருக்கும்? இத்தனை வருஷம் ஒருத்தர் செத்துட்டார்னே ஊர் நம்பினால், அதைத்தான் ஊர் விரும்புதோன்னு தோன்ற ஆரம்பிச்சிடும் என்ற பொருளில் ஸ்டீவ் ஒருமுறை சொன்னார். நாம வாட்ஸ்அப்பில் ‘ஆழ்ந்த இரங்கல்’ ஃபார்வர்டு செய்யும்போது, அந்த நடிகர் அதை எப்படி வாசிப்பார் என்று யோசிப்பதே இல்லை.

இப்போது என்ன செய்கிறார்?

2019-ல் ‘ப்ளூஸ் க்ளூஸ் அண்ட் யூ’ என்று நிகழ்ச்சி மறுபடி வந்தபோது, புது நாயகன் ஜோஷ் டெலா க்ரூஸைத் தேர்ந்தெடுக்க உதவினார், சில எபிசோடுகளை எழுதி இயக்கவும் செய்தார். 2021 வீடியோ அதற்குப் பிறகு வந்ததுதான்.

2024 தொடக்கத்தில் டிக்டாக்கில் இன்னொன்று போட்டார். என்ன நடக்குது, சொல்லுங்க என்று கேட்டுவிட்டு, அப்படியே கேமராவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பேச்சே இல்லை. நடுநடுவே தலையாட்டுகிறார், அவ்வளவுதான். கீழே கமென்ட் பகுதியில் வேலை, பிரிவு, உறங்காத இரவுகள் என்று ஆயிரக்கணக்கானோர் பதில் எழுதினார்கள்.

2025-ல் சொந்தமாகப் பாட்காஸ்ட் ஒன்று தொடங்கியிருக்கிறார். அதற்கு வைத்திருக்கும் பெயர், ‘அலைவ் வித் ஸ்டீவ் பர்ன்ஸ்’.