எந்த சி.ஐ. கருவி, யாருக்கு?

ஐந்து பேர் சேர்ந்து ஒரு மென்பொருள் எழுதினால், அவரவர் கணினியில் அவரவர் நிரல் ஒழுங்காகவே ஓடும். ஐந்தையும் ஒன்றாகச் சேர்க்கும்போதுதான் வினை. ஒருவர் பெயர் மாற்றிய ஃபங்ஷனை இன்னொருவர் பழைய பெயரிலேயே கூப்பிட்டுக்கொண்டிருப்பார். ஒருவரிடம் நோட்.ஜேஎஸ் 20 இருக்கும், மற்றவரிடம் நோட்.ஜேஎஸ் 16. "என் மெஷின்ல ஓடுதே" என்ற பதிலைக் கேட்காத குழு கிடையாது. இந்தச் சேர்ப்பு வேலையை ரிலீஸ் வாரத்துக்குத் தள்ளிப்போடாமல், ஒவ்வொரு மாற்றமும் வந்த கையோடு சேர்த்துச் சோதித்துவிடுவதே கன்டினியூயஸ் இன்டகிரேஷன், சுருக்கமாக சி.ஐ. 1990-களின் பிற்பகுதியில் கென்ட் பெக் முன்வைத்த எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் முறையில் இது ஓர் அடிப்படை வழக்கம்.

நடப்பது எளிமையானது. ஒருவர் தன் மாற்றத்தை கிட்டில் புஷ் செய்கிறார். சி.ஐ. சேவை ஒரு கணினியை எழுப்புகிறது. அது நிரலை எடுத்துக்கொண்டு, தேவையான லைப்ரரிகளை இறக்கி, பில்ட் செய்து, டெஸ்டுகளை ஓட்டுகிறது. எல்லாம் தேறினால் பச்சை, ஒன்று தவறினாலும் சிவப்பு. கிளவுடு சேவையாக இருந்தால் வேலை முடிந்ததும் அந்தக் கணினியே அழிக்கப்பட்டுவிடும்; பழைய பில்டின் மிச்சம் எதுவும் அடுத்ததில் ஒட்டாது. இந்தப் படிகளைப் பெரும்பாலான கருவிகளில் யாமெல் கோப்பாக எழுதி நிரலோடு சேர்த்தே வைக்கிறோம். அதனால் வசதிகளை அட்டவணை போட்டு ஒப்பிட்டால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். முதலில் பார்க்க வேண்டியது மூன்று விஷயங்களை: அந்தக் கணினி யாருடையது, அதைப் பராமரிப்பது யார், உங்கள் ரகசியச் சாவிகள் யார் கையில் இருக்கின்றன.

உங்கள் சர்வரில் நீங்களே நிறுவிக்கொள்ளும் கருவியான ஜென்கின்ஸில் மூன்றுக்குமே பதில் நீங்கள்தான். சன் நிறுவனத்தில் வேலைபார்த்த கோஸுகே கவாகுச்சி 2004-இல் தொடங்கிய ஹட்சன்தான் இதன் மூலம். 2010-இல் சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியது. ஹட்சன் என்ற பெயர் யாருக்குச் சொந்தம் என்று தகராறு வந்தது. 2011 ஜனவரியில் பயன்பாட்டாளர்களும் டெவலப்பர்களும் வாக்களித்து, ஜென்கின்ஸ் என்ற புதுப் பெயரோடு பிரிந்தார்கள். இன்று அதற்கு 1,800-க்கும் மேற்பட்ட பிளகின்கள் உண்டு. செய்ய முடியாத வேலை என்று அதில் அநேகமாக எதுவும் இல்லை. இன்டர்நெட்டே இல்லாத ஆலை நெட்வொர்க், மேஜையில் கேபிளோடு கிடக்கும் சோதனைச் சாதனம் போன்ற இடங்களில் நான் முதலில் சொல்லும் பெயர் இன்றும் ஜென்கின்ஸ்தான்.

காசு கேட்காத கருவிதான், ஆனால் ஆள் கேட்கும். ஒரு பிளகினைப் புதுப்பித்தால் இன்னொன்று முரண்டு பிடிக்கும். பில்ட் ஏஜென்ட்டில் பழைய கோப்புகள் தங்கிவிட்டால் டெஸ்ட் காரணமே இல்லாமல் தேறும், காரணமே இல்லாமல் விழும். 2024 ஜனவரியில் வெளியான ஒரு பாதுகாப்பு ஓட்டை, உள்நுழையாதவர்கள்கூட ஜென்கின்ஸ் சர்வரில் இருக்கும் கோப்புகளின் சில வரிகளைப் படிக்க வழிவிட்டது. அந்த வாரமே அப்டேட் போட ஆள் இருந்த இடங்கள் தப்பின. "யாராவது ஓய்வு நேரத்தில் பார்த்துக்கொள்வார்கள்" என்ற நம்பிக்கையில் ஜென்கின்ஸ் வைக்கும் சிறு குழுக்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

கிளவுடு சேவைகளில் இந்தப் பராமரிப்பு இல்லை. பதிலுக்கு மற்றவரை நம்பியிருக்க வேண்டும். 2011-இல் பெர்லினில் தொடங்கிய டிராவிஸ் சி.ஐ., ஓப்பன் சோர்ஸ் திட்டங்களுக்குக் கணக்கில்லாமல் இலவசமாகக் கணினி நேரம் தந்தது. ஒரு தலைமுறை டெவலப்பர்களுக்கு சி.ஐ. என்றாலே அதுதான். 2019-இல் அதை ஐடெரா நிறுவனம் வாங்கியது. 2020 நவம்பரில் அந்த வரம்பற்ற இலவசம் முடிந்தது. பல திட்டங்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிட்ஹப் ஆக்‌ஷன்ஸுக்குப் போயின.

கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் 2019 நவம்பரில் எல்லோருக்கும் திறக்கப்பட்டது. நிரல் இருக்கும் இடத்திலேயே சி.ஐ.யும் இருப்பதால் தனிக் கணக்கோ தனி அனுமதியோ வேண்டாம். பிறர் எழுதிவைத்த ஆக்‌ஷன்களை ஒரே வரியில் சேர்த்துக்கொள்ளலாம். இந்த ஒரு வரி வசதிதான் அதன் பலவீனமும். 2025 மார்ச்சில், 23,000-க்கும் மேற்பட்ட ரிப்போக்களில் இருந்த ஓர் ஆக்‌ஷனை விஷமிகள் கைப்பற்றி, அதன் பழைய வெர்ஷன் டேக்குகளையே தங்கள் நிரலுக்குத் திருப்பிவிட்டார்கள். அது பில்ட் கணினியின் நினைவகத்திலிருந்து சாவிகளைத் துழாவி எடுத்து லாகில் அச்சிட்டது. பொது ரிப்போவில் அந்த லாகை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். வெர்ஷன் டேக்கை நம்பாமல், கமிட்டின் 40 எழுத்து ஹாஷை முழுதாக எழுதிவைத்தவர்களில் பெரும்பாலோருக்குச் சேதமில்லை. உங்கள் யாமெல் கோப்பில் பிறர் ஆக்‌ஷன் ஏதாவது இருந்தால் இன்றைக்கே அப்படி மாற்றிவிடுங்கள்.

சர்க்கிள் சி.ஐ. வேகத்துக்கும் நல்ல கேஷ் வசதிக்கும் பெயர்பெற்றது. அங்கேயும் ஒரு பொறியாளரின் லேப்டாப்பில் புகுந்த மால்வேர் வழியாக ஊடுருவல் நடந்து, 2023 ஜனவரியில் வாடிக்கையாளர்கள் எல்லோரும் தங்கள் சாவிகளை மாற்ற வேண்டியிருந்தது. இரண்டு சம்பவங்களுக்கும் மருந்து ஒன்றே: நிரந்தரச் சாவிகளை சி.ஐ.யில் சேமிக்காதீர்கள். கிட்ஹப், கிட்லேப், சர்க்கிள் சி.ஐ. மூன்றுமே ஓ.ஐ.டி.சி. முறையை ஆதரிக்கின்றன. பில்ட் ஓடும் சிறிது நேரத்துக்கு மட்டும் கிளவுடிடமிருந்து தற்காலிக அனுமதி வாங்கும் முறை அது. திருடினாலும் சீக்கிரமே காலாவதியாகிவிடும்.

கிட்லேப் 2015 செப்டம்பரிலேயே சி.ஐ.யைத் தன் மைய மென்பொருளுக்குள் கொண்டுவந்துவிட்டது. முழு கிட்லேப்பையும் உங்கள் சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாம் என்பது அதன் பலம். நிரல் அலுவலகத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்ற ஒப்பந்தத்தில் வேலைசெய்யும் குழுக்களுக்கு இதையே சொல்வேன். கட்டுப்பாட்டுத் திரை அவர்களிடமும் பில்ட் ஓடும் கணினி உங்களிடமும் இருக்கட்டும் என்றால் பில்ட்கைட் இருக்கிறது.

செலவையும் முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடலாம். ஒரு பில்டுக்கு 8 நிமிடம், ஐந்து பேர், ஆளுக்கு ஒரு நாளில் 4 புஷ் என்றால் நாளொன்றுக்கு 160 நிமிடம். தனியார் ரிப்போவுக்கு கிட்ஹப் இலவசத் திட்டத்தில் மாதத்துக்கு 2,000 நிமிடம். பதின்மூன்றாம் வேலைநாளில் தீர்ந்துபோகும். கிட்லேப்பின் இலவச 400 நிமிடம் மூன்றாம் நாள் மதியத்தைத் தாண்டாது. ஐபோன் செயலி எழுதுபவர்களுக்கு மேக் கணினி வேண்டும். அதன் நிமிடக் கட்டணம் லினக்ஸைவிடப் பல மடங்கு. சொந்த ரன்னர், அதாவது பில்ட் ஓட்ட உங்கள் கணினியையே வைத்தால் இந்தச் செலவு குறையும். ஆனால் பொது ரிப்போவில் சொந்த ரன்னரை இணைக்காதீர்கள்: முன்பின் தெரியாதவர் அனுப்பும் புல் ரிக்வெஸ்ட் உங்கள் அலுவலகக் கணினியில் ஓடிவிடக்கூடும்.

என் பரிந்துரை எளிது. நிரல் கிட்ஹப்பில் இருந்தால் ஆக்‌ஷன்ஸ், கிட்லேப்பில் இருந்தால் கிட்லேப் சி.ஐ. வலுவான காரணம் இல்லாமல் மூன்றாவதைத் தேட வேண்டாம். ஜென்கின்ஸைப் பார்த்துக்கொள்வதே ஒருவரின் வேலை என்று எழுதிக் கொடுக்க முடிந்தால் மட்டும் ஜென்கின்ஸ்.

எதை எடுத்தாலும், பில்ட் செய்யும் கட்டளைகளை யாமெல் கோப்புக்குள் புதைக்காதீர்கள். மேக்ஃபைலிலோ சாதாரண ஷெல் ஸ்கிரிப்டிலோ எழுதி, சி.ஐ. அதைக் கூப்பிட மட்டும் செய்யட்டும். அப்போது சிவப்பு விழுந்தால் அதே ஸ்கிரிப்டை உங்கள் லேப்டாப்பில் ஓட்டிப் பார்க்கலாம். கருவியை மாற்றும் நாள் வந்தாலும் பெரும்பகுதி வேலை மிச்சமாகும். கணினியின் பெயராக "உபுண்டு லேட்டஸ்ட்" என்று எழுதுவதையும் தவிருங்கள். 2024 கடைசியில் கிட்ஹப் அந்தப் பெயரை 22.04-இலிருந்து 24.04-க்கு மாற்றத் தொடங்கியபோது, ஒரு வரிகூட மாறாத பில்டுகள் உடைந்தன. எண்ணையே எழுதிவிடுங்கள்.

முடிவெடுக்குமுன் ஒரு சோதனை. உங்களிடம் உள்ள மிகக் கனமான ரிப்போவை எடுத்து, ஒரு டெஸ்டை வேண்டுமென்றே உடைத்துப் புஷ் செய்யுங்கள். எத்தனை கிளிக்கில் அந்தத் தவறிய வரிக்குப் போய்ச் சேர்கிறீர்கள், சிவப்பு தெரிய எத்தனை நிமிடமாகிறது என்று பாருங்கள். அதற்குள் நீங்கள் அடுத்த வேலைக்குப் போய்விட்டீர்கள் என்றால், முதலில் பில்டைச் சுருக்க வழி பாருங்கள். கருவியைப் பிறகு தேர்வு செய்யலாம்.