ஆட்டம் பாதியில் நின்றால்

கம்ப்யூட்டரில் படம் பார்த்தால் ஓடுகிறது. காலேஜ் புராஜெக்ட் டைப் செய்தால் ஓடுகிறது. ஜி.டி.ஏ. ஃபைவ் போட்டு அரைமணி நேரம் ஆடினால் மட்டும் பொட்டென்று நின்றுவிடுகிறது. “கேமைப் போட்டுப் போட்டே மெஷினைக் கெடுத்துட்டியே கண்ணு” என்பார் அப்பா. கடைக்கு எடுத்துப்போனால் ஃபார்மட் செய்து தருவார்கள். ஒரு வாரம் போனதும் மறுபடி நிற்கும். அடுத்த முறை, கிராஃபிக்ஸ் கார்டை மாற்றச் சொல்வார்கள். சேலம் பக்கத்துப் பனமரத்துப்பட்டி மாதிரி ஊரில் அது அரளிப் பூ விற்ற காசில் வாங்கிய மெஷினாக இருக்கும். காரணம் தெரியாமல் அதில் ஒவ்வொரு பாகமாக மாற்றிக்கொண்டே போவதைப் பார்த்தால் மனசு பொறுக்கவில்லை. இந்த வாரம் முழுக்க இந்த ஒரு சிக்கலைத்தான் பேசப்போகிறோம்.

முதலில் அப்பாக்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கேம் மெஷினைக் கெடுப்பதில்லை. டைப் செய்யும்போது கம்ப்யூட்டர் தன் சக்தியில் சிறு பங்கைத்தான் செலவழிக்கிறது. கேம் ஓடும்போது பிராசஸர், கிராஃபிக்ஸ் கார்டு, ரேம், ஃபேன், இவற்றுக்கெல்லாம் கரண்ட் தரும் எஸ்.எம்.பி.எஸ். எல்லாமே ஒரே நேரத்தில் முழு வேலை செய்ய வேண்டியிருக்கிறது. ஜி.டி.எக்ஸ். 1650 கார்டு 75 வாட் வரை இழுக்கும்; ஆர்.டி.எக்ஸ். 3060 என்றால் 170 வாட். எங்கோ ஏற்கெனவே இருந்த பலவீனம் அந்தச் சமயத்தில்தான் வெளியே தெரிகிறது.

அதனால் எப்படி நின்றது என்பதை உற்றுக் கவனிக்க வேண்டும். மெஷின் மொத்தமாக அணைந்ததா, தானே ரீஸ்டார்ட் ஆனதா, நீலத்திரை வந்ததா, கேம் மட்டும் மூடி டெஸ்க்டாப் தெரிந்ததா, படம் உறைந்து சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருந்ததா? இதைச் சொல்லத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. “கேம் ஓடல” என்று மட்டும் சொன்னால் கடைக்காரருக்கும் ஃபார்மட் தவிர வேறு வழி தெரியாது.

மெஷினே அணைகிறது என்றால், பனமரத்துப்பட்டியில் நான் முதலில் பார்ப்பது கரண்ட். ஜருகுமலைப் பக்கத்துத் தோட்டங்களில் கிணற்றிலும் போரிலும் மோட்டார்கள் இருக்கின்றன. வீட்டுக்கும் மோட்டாருக்கும் ஒரே டிரான்ஸ்ஃபார்மர் என்றால், மோட்டார் போடும் நொடியில் வோல்டேஜ் இறங்கும். ஓடும்போது இழுப்பதைவிட ஐந்தாறு மடங்கு கரண்டை மோட்டார் கிளம்பும்போது இழுப்பதுதான் காரணம். டியூப்லைட் ஒரு தடவை மங்கி எழும். அந்த நொடியில் கம்ப்யூட்டரின் யூ.பி.எஸ். பேட்டரிக்கு மாறும். வீடுகளில் பெரும்பாலும் இருக்கும் 600 வி.ஏ. யூ.பி.எஸ். தரக்கூடியது சுமார் 360 வாட்தான். பேட்டரி மூன்று வருடப் பழசு என்றால் அதுவும் தராது. டைப் செய்யும் சமயம் அந்தப் பேட்டரி தாக்குப்பிடித்துவிடும். கேம் ஓடும்போது முடியாமல் கைவிட்டுவிடும். பிள்ளையோ கிராஃபிக்ஸ் கார்டு போய்விட்டது என்று நினைத்துக்கொள்கிறான்.

இதைச் சோதிப்பது எளிது. திறந்திருக்கும் வேலைகளை எல்லாம் சேவ் செய்துவிட்டு, கேம் ஓடும்போதே யூ.பி.எஸ்.ஸுக்குப் போகும் சுவிட்சை அணையுங்கள். உடனே மெஷின் படுத்துவிட்டால் ஒன்று பேட்டரி போயிருக்கிறது, இல்லையென்றால் யூ.பி.எஸ். சின்னது. வீட்டு இன்வெர்ட்டரில் மாட்டியிருப்பவர்கள் அதன் பின்பக்கம் யூ.பி.எஸ். முறை என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது சாதாரண முறையில் இருந்தால் பேட்டரிக்கு மாற எடுக்கும் நேரத்தை ஃபேனும் லைட்டும் தாங்கும், கம்ப்யூட்டர் தாங்காது.

எஸ்.எம்.பி.எஸ். விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் பட்ஜெட் மெஷின்களில் காசு மிச்சம் பிடிக்கும் இடம் இதுதான். பெட்டி மேல் 450 வாட் என்று பெரிதாக எழுதியிருக்கும். பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட் என்ற இடத்தில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 16 ஆம்பியர் என்றிருந்தால், 12ஐ 16ஆல் பெருக்க 192 வாட். பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் சாப்பிடுவது அந்த 192ஐத்தான். ஆர்.டி.எக்ஸ். 3060க்கு 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். வேண்டும் என்று என்விடியாவே சொல்லும்போது, இந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு கேமைக் குறை சொல்வது நியாயமில்லை.

விண்டோஸும் ஒரு சாட்சி வைத்திருக்கிறது. ஈவென்ட் வியூவரைத் திறந்து, மெஷின் நின்ற நேரத்தில் சிவப்புக் குறியோடு என்ன பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். ‘கெர்னல் பவர் 41’ என்று இருந்து, அதன் விவரத்தில் பக்செக் கோட் 0 என்று இருந்தால், நீலத்திரை காட்டக்கூட நேரமில்லாமல் மெஷின் நின்றிருக்கிறது. பெரும்பாலும் அது கரண்ட் கோளாறு. வேறு எண் இருந்தால் டிரைவர், ரேம் பக்கம் திரும்ப வேண்டும்.

அடுத்தது சூடு. சேலத்தில் சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. சிமெண்ட் ஷீட் போட்ட அறையில் இன்னும் மோசம். கேபினெட் ஃபேன் உள்ளே தள்ளுவது அறையின் காற்றைத்தான். அறை பத்து டிகிரி ஏறினால் உள்ளே இருக்கும் சிப்பும் ஏறக்குறைய அதே அளவு ஏறும். மார்கழியில் ஒழுங்காக ஓடிய கேம் சித்திரையில் நிற்பது இதனால்தான். எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளைப் போட்டால் ஆடும்போதே திரை ஓரத்தில் சூடு தெரியும். பிராசஸர் 100 டிகிரியைத் தொடுகிறது என்றால் கேபினெட்டைத் திறந்து தூசியை ஊதி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்டை மாற்றுங்கள். லேப்டாப்பை மெத்தை மேல் வைத்து ஆடுவதை இன்றே நிறுத்துங்கள். கேமின் செட்டிங்கில் ஃபிரேம் எண்ணிக்கையை 60க்குக் கட்டிப்போட்டுப் பாருங்கள். அதனால் நிற்பது குறைந்தால், கோளாறு சூட்டிலோ கரண்டிலோதான் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம்.

கேம் மட்டும் மூடிக்கொண்டு விண்டோஸ் நன்றாக இருந்தால் கதை வேறு. ஸ்டீமில் வாங்கிய கேம் என்றால் கோப்புகள் சரியாக இருக்கின்றனவா என்று ஸ்டீமே சரிபார்த்து, கெட்டுப்போனதை மட்டும் மறுபடி இறக்கித் தரும். கிராக் செய்த கேமில் அந்த வசதி கிடையாது. கிராக் கோப்பை ஆன்டிவைரஸ் தூக்கிவிட்டாலும் கேம் மூடும். அதைச் சரிசெய்ய எனக்கு வழி தெரியாது, ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லவும் மாட்டேன். கிராஃபிக்ஸ் கார்டு இரண்டு வினாடிக்குள் பதில் தராவிட்டால் விண்டோஸ் அதன் டிரைவரை மூடித் திறக்கும்; அப்போதும் கேம் மூடலாம். விஸ்டா காலத்திலிருந்தே உள்ள ஏற்பாடு இது. அந்த இரண்டு வினாடியை ரெஜிஸ்ட்ரியில் எட்டு, பத்து என்று கூட்டச் சொல்லும் யூடியூப் வீடியோக்கள் உண்டு. கார்டு ஏன் பதில் சொல்லவில்லை என்ற கேள்வி அதனால் தீராது. பழைய டிரைவரை முழுசாக நீக்கிப் புதிதாகப் போடுங்கள். ரேமைக் கழற்றிப் பென்சில் அழிக்கும் ரப்பரால் அதன் தொடுமுனைகளைத் துடைத்து மாட்டுங்கள். ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட்86 ஓட விடுங்கள். ஒவ்வொன்றாகச் செய்து, ஒவ்வொன்றுக்கும் பிறகு ஆடிப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது சரிசெய்தது என்று கடைசிவரை தெரியாது.

திரையில் வரும் எர்ரர் செய்தியை அப்படியே நம்பவும் கூடாது. விழுந்த இடம் வேறு, இடறிய இடம் வேறு. உலகத்துக்கே இதைக் காட்டியது இன்டெல் விவகாரம். 2022 அக்டோபரில் 13ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகள் வந்தன, அடுத்த அக்டோபரில் 14ஆம் தலைமுறை. அவற்றில் ஐ9, ஐ7 வாங்கியவர்கள் பலருக்கு அன்ரியல் எஞ்சினில் செய்த கேம்கள் திறக்கும்போதே மூடின. வீடியோ மெமரி போதவில்லை என்றது செய்தி. எல்லோரும் கிராஃபிக்ஸ் கார்டைச் சந்தேகப்பட்டார்கள், மாற்றினார்கள், மறுபடி அதே செய்தி. உண்மையில் கேம் தொடங்கும்போது சுருக்கி வைத்த கோப்புகளை விரிக்கும் வேலையைப் பிராசஸர் செய்கிறது. அங்கே கணக்கு பிசகியது. பிசகிய கணக்கை வாங்கிய கேம் வேறு இடத்தில் போய் விழுந்தது. சுருக்கும் மென்பொருளைத் தயாரிக்கும் ராட் கேம் டூல்ஸ் 2024 தொடக்கத்திலேயே பிராசஸரைக் கைகாட்டியது. ஏப்ரலில் என்விடியாவும் இன்டெல்லிடம் போகச் சொன்னது. சிப்பின் உள்ளே இருக்கும் மைக்ரோகோட் தேவைக்கு அதிகமான வோல்டேஜ் கேட்டுவந்தது என்று ஜூலையில் இன்டெல் ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் 0எக்ஸ்129, செப்டம்பரில் 0எக்ஸ்12பி என்ற திருத்தங்கள் வந்தன. பெட்டியில் வாங்கிய சிப்புகளுக்கு வாரண்டி மூன்றிலிருந்து ஐந்து வருடமாக நீண்டது. லேப்டாப் சிப்புகளுக்கு இந்தக் கோளாறு இல்லை என்றது இன்டெல்.

இந்தத் திருத்தம், இனி வரும் சேதத்தைத் தடுப்பதற்குத்தான். ஏற்கெனவே கெட்ட சிப்பு இதனால் குணமாகாது. வாரண்டியில் வேறு சிப்பு கேட்டு வாங்க வேண்டும். உங்களுடையது அந்தத் தலைமுறை என்றால் பில்லைப் பத்திரமாக வையுங்கள், மதர்போர்டு கம்பெனியின் தளத்திலிருந்து அந்தத் திருத்தம் அடங்கிய புது பயோஸை இறக்கிப் போடுங்கள். பயோஸ் ஏறும் அந்தச் சில நிமிடங்களில் கரண்ட் போனால் மதர்போர்டே முடங்கிப்போகலாம். நல்ல பேட்டரி உள்ள யூ.பி.எஸ்.ஸில் மாட்டிக்கொண்டு, தோட்டத்து மோட்டார்கள் ஓடாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.

(தொடரும்)